ஏவலும் வழுவும்: தானியங்கித் திருத்தம் குறித்த ஓர் அறவியல் நோக்கு

ஏவல் என்பது தமிழிலக்கணத்தில் முன்னிலைக்குரிய வினை. ஏவுவோன், ஏவப்படுவோன், ஏவப்படும் செயல் என்னும் மூன்றும் அமைந்தாலன்றி ஏவல் நிறைவு பெறாது. ஏவப்படுவோன் இடத்தில் மனிதனுக்கு மாற்றாகப் பொறி வந்து நிற்பது நம் காலத்தின் புதுமை. 1985-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் தன் மென்பொருள் மையத்தைத் தொடங்கியதையடுத்து உலக அறிமுகம் பெற்ற பெங்களூர் நகரில் இத்தகைய ஏவலே பலருக்கு வாழ்க்கைத் தொழிலாகிவிட்டது. அவர்களுள் தமிழர் தொகை சிறிதன்று. கரும்பலகை போன்ற திரையில் ஒளிரும் கட்டளை வரியில் சில எழுத்துகளைத் தட்டுவர். பொறி அதனை நிறைவேற்றும். ஓர் எழுத்துப் பிறழ்ந்தால் நிறைவேற்றாது. அப்படியொரு கட்டளை இல்லை என்று கூறி நின்றுவிடும்.

பிறழ்ந்த ஏவலைப் பொறியே திருத்திக்கொண்டு, ஏவியவன் கருதியதை நிறைவேற்றிவிடலாகாதா என்னும் வினா எழுவது இயல்பு. அவ்வாறு செய்யும் கருவிகளும் உள்ளன. இவ்வினா பொறியியலார்க்கு மட்டும் உரியதன்று. பிறர் சொல்லில் உள்ள பிழையைத் திருத்தும் உரிமை யாருக்கு உண்டு, எந்த எல்லை வரை உண்டு என்பது அதனுள் அடங்கிய அறவியல் வினா. வழு, வழாநிலை, வழுவமைதி எனப் பிழையை வகுத்து நோக்கிய மரபு தமிழுக்கு உண்டு. ஏடு பெயர்த்தெழுதுவோரின் பிழைகளோடு நூற்றாண்டுக்கு மேலாகப் போராடிய பதிப்புத் துறையும் உண்டு. ஆகவே இவ்வினாவை அவற்றின் துணைகொண்டு ஆராய்வது பொருத்தமாகும்.

தோன்றல், திரிதல், கெடுதல்

பொறி ஒரு பிழையை எவ்வாறு அடையாளம் காண்கிறது என்பதை முதலில் நோக்க வேண்டும். தட்டப்பட்ட சொல் தன் பட்டியலில் இல்லையெனில், அதற்கு மிக அண்மையில் உள்ள சொல்லைப் பொறி தேடுகிறது. அண்மை என்பதை அளக்கும் முறையை இரசிய அறிஞர் லெவன்சுடைன் 1965-இல் வகுத்தார். ஒரு சொல்லை மற்றொரு சொல்லாக்க எத்தனை எழுத்துகள் புதிதாகச் சேர வேண்டும், எத்தனை மாற வேண்டும், எத்தனை நீங்க வேண்டும் என எண்ணுவதே அம்முறை. நன்னூல் பயின்றோர்க்கு இம்மூன்றும் புதியன அல்ல. தோன்றல், திரிதல், கெடுதல் எனப் புணர்ச்சி விகாரத்திற்குக் கூறப்பட்டவையே இவை. இதற்கு ஓராண்டு முன்னர், 1964-இல், டேமரோ என்னும் அமெரிக்க ஆய்வாளர் தாம் ஆராய்ந்த எழுத்துப்பிழைகளுள் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை ஒற்றைப் பிழைகளே எனக் காட்டினார். மேற்கூறிய மூன்றுடன் அடுத்தடுத்த இரண்டு எழுத்துகள் இடம் மாறுதலையும் அவர் நான்காவதாகக் கொண்டார். தசை சதை என்றும், ஞிமிறு மிஞிறு என்றும், சிவிறி விசிறி என்றும் வருவனவற்றை எழுத்து நிலைமாறுதல் என நம் உரைகாரர் காட்டுவர். கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' என்னும் கட்டளையை விரைவில் 'எஸ்எல்' எனத் தட்டிவிடுவதும் இதே நிலைமாறுதல்தான். (இப்பிழையைச் செய்தவர் முன் திரையின் குறுக்கே ஒரு நீராவி இரயில் ஓடிக் கடக்கும்படி ஜப்பானியர் ஒருவர் 1993-இல் ஒரு நிரல் எழுதினார். அது ஓடி முடியும்வரை காத்திருப்பதே தண்டனை!)

இங்கு ஒரு வேறுபாடு கருதத்தக்கது. இலக்கணத்தில் தசை சதையாவதால் பொருள் மாறுவதில்லை. மாறாதபோதுதான் அது நிலைமாறுதல் எனப்படும். பொறியின் அளவுகோலுக்குப் பொருளைப் பற்றிய கவலை இல்லை. மரம், மறம் என்பவற்றிற்கிடையே அது காணும் தொலைவு ஒன்றே. பழி, பலி என்பவற்றிற்கிடையேயும் ஒன்றே. எழுத்தால் அண்மையும் பொருளால் சேய்மையும் உடைய சொற்கள் எம்மொழியிலும் உண்டு. கட்டளை மொழியில் அவை மிகுதி. ஏனெனில் அங்குச் சொற்கள் இரண்டு மூன்று எழுத்துகளால் ஆனவை. கோப்பைப் படிக்கும் கட்டளையைத் தவறாகத் தட்டினால் மறுமுறை தட்டலாம். 'ஆர்எம்' என்னும் நீக்கற் கட்டளை கருதாத கோப்பின்மேல் சென்றுவிட்டால், மீட்பதற்குக் குப்பைக்கூடைகூட அங்கு இருப்பதில்லை.

கருதியதைச் செய்க

இத்தகைய திருத்தத்தை முதன்முதலில் விரிவாக முயன்றவர்களுள் வாரன் டைட்டல்மன் குறிப்பிடத்தக்கவர். 1960-களின் இறுதியில் லிஸ்ப் மொழிச் சூழலுக்கு அவர் அமைத்த திருத்தக் கருவியின் பெயரே 'நான் கருதியதைச் செய்' என்னும் பொருளது. ஆங்கில முதலெழுத்துகளால் அது 'டிவிம்' எனப்பட்டது. அக்கருவிக்கு இரண்டு நிலைகள் இருந்தன. ஒன்று எச்சரிக்கை நிலை. திருத்துவதற்கு முன் ஒப்புதல் கேட்கும். மற்றொன்று நம்பிக்கை நிலை. பெரும்பாலும் கேளாமலே திருத்தும். அரை நூற்றாண்டுக்குப் பின்னும் இவ்விரு நிலைகளைத் தாண்டி மூன்றாவதொன்றை எவரும் கண்டாரல்லர் என்றே தோன்றுகிறது.

டிவிம் குறித்துக் கணிப்பொறியாளரிடையே வழங்கும் ஒரு செய்தி இவ்வாய்வுக்கு இன்றியமையாதது. செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் கட்டளைகளை ஏற்கும் நிரலுக்கும் இத்திருத்தியைப் பொருத்தியிருந்தனர். அங்குப் பழைய படிகளின் பெயர் இறுதியில் டாலர் குறி இருக்கும். ஒருவர் வட்டில் இடம் உண்டாக்கக் கருதி, டாலர் குறியில் முடியும் கோப்புகள் அனைத்தையும் நீக்குமாறு கட்டளையிட்டார். அவ்வாறான கோப்பு எதுவும் அப்போது இல்லை. திருத்தி, அவர் கருதியது 'அனைத்தையும் நீக்கு' என்பதாகத்தான் இருக்க வேண்டும் எனக் கொண்டு, எல்லாக் கோப்புகளையும் நீக்கத் தொடங்கியது. ஐந்தாறு கோப்புகள் அழிந்த அளவில் அவர் அதனை நிறுத்தினார் என்பர்.

இந்நிகழ்ச்சியில் பிழை யாருடையது? ஏவியவர் தட்டியதில் எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. கோப்புகள் இல்லை என்பதே உண்மை நிலை. உண்மை நிலையைப் பிழையெனக் கொண்டது திருத்தி. அவரது சொல்லில் ஒரு குறியைக் கெடுத்து வேறொரு சொல்லாக்கி, அச்சொல்லை அவர் வாயில் இட்டு, அதன்படி செயலும் ஆற்றியது. செயல் அவர் பெயரால் நடந்தது. அதனைக் கருதிய மனம் அவருடையதன்று. கருவிக்கோ மனமே இல்லை. செய்தவன் இல்லாத ஒரு செயல் அங்கு நிகழ்ந்துவிட்டது. கேளாமல் திருத்துதலின் அறக்குறை இதுவே. தவறாகத் திருத்துவது அதன் ஒரு விளைவு மட்டுமே. சரியாகத் திருத்தும்போதும் செயலுக்கும் செய்தவனுக்கும் இடையிலுள்ள பிணைப்பு அவ்வளவில் அறுபடவே செய்கிறது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். ஏவாமலே குறிப்பறிந்து செய்வதைத் தமிழ் மரபு உயர்வாகப் போற்றவில்லையா? திருக்குறளில் குறிப்பறிதல் என்னும் தலைப்பு அமைச்சியலில் ஒன்று, களவியலில் ஒன்று என இரண்டு அதிகாரங்களுக்கு அமைந்திருப்பது யாவரும் அறிந்ததே. வேறெந்தத் தலைப்புக்கும் இச்சிறப்பு இல்லை. ஆயினும் அவ்வதிகாரங்களில் குறிப்பு எதன் வழியே அறியப்படுகிறது என்பதை நோக்க வேண்டும். முகமும் கண்ணுமே அங்கு வாயில்கள். அமைச்சன் அரசனின் முகத்தை நோக்குகிறான்; தலைவன் தலைவியின் கண்ணை நோக்குகிறான். நெடுநாள் பழக்கமும் அருகிருத்தலும் அவ்வறிவைத் தருகின்றன. கட்டளை வரியின் எதிரே இருக்கும் பொறிக்கு முகம் தெரிவதில்லை. எழுத்து மட்டுமே தெரிகிறது. எழுத்தண்மையைக் கொண்டு ஊகிப்பதைக் குறிப்பறிதல் என்பது சொல்லுக்கு இழைக்கும் கேடு. டைட்டல்மன் தம் கைப்பிழைகளை மனத்திற்கொண்டே அக்கருவியை முதலில் அமைத்தார் என்றும், வேறு வகையாகப் பிழை செய்வோரின் சொற்களை அது மேலும் சிதைத்தது என்றும் குறை கூறப்பட்டது. ஒருவருடைய பிழையின் வடிவம் மற்றவர்க்கெல்லாம் அளவுகோலாயிற்று. ஆங்கிலச் சொல்லடைவைக் கொண்டு தமிழ்ப் பெயர்களைத் திருத்த முற்படும் இன்றைய விசைப்பலகைகளிலும் இதே குறை தொடர்வதைக் காணலாம். பிழை செய்யாதவனின் பெயரே பிழையாகிவிடுகிறது.

வணிகனின் விடை

தொல்காப்பியம் சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்தில் வினாவும் விடையும் வழுவாமல் அமைவது பற்றிய பகுதி இங்கு நினைக்கத்தக்கது. கேட்ட பொருள் தன்னிடம் இல்லாதவன் எவ்வாறு விடை கூற வேண்டும் என்பதற்கு உரையாசிரியர்கள் ஒரு கடைத்தெருக் காட்சியை எடுத்துக்காட்டுவர். ஒருவன் வணிகரிடம் பயறு உண்டோ எனக் கேட்கிறான். பயறு இல்லாத வணிகர், உழுந்தன்றி வேறில்லை என்கிறார். கேட்டது இல்லை என்பதும் அதற்கு இனமானது உண்டு என்பதும் ஒரே விடையில் புலனாகின்றன. இத்தகைய விடையை நன்னூலார் இனமொழி என்பர்.

உபுண்டு முதலிய இயங்குதளங்களில் தெரியாத கட்டளையைத் தட்டினால், அது இல்லை என்பதோடு அதற்கு அண்மையான கட்டளைகள் இவை எனவும் காட்டப்படும். இது இனமொழியே. 1990-இல் தோன்றிய இசட் ஷெல் என்னும் கட்டளை நிரலில் திருத்தும் விருப்பத்தை இயக்கிவைத்தால், இதனை இவ்வாறு மாற்றலாமா என அது வினவி நிற்கும். இல்லை, ஆம், கைவிடு, நானே மாற்றுகிறேன் என நான்கு விடைகளுக்கு இடம் தரும். ஏவலுக்கு வினாவால் விடையிறுத்தலும் மரபுக்கு மாறானதன்று. வினாவெதிர் வினாதலும் விடை வகைகளுள் ஒன்றே. 2015-இல் வெளிவந்து பெரும் புகழ்பெற்ற ஒரு கருவி, தோல்வியுற்ற கட்டளையையும் அது தந்த பிழைச்செய்தியையும் படித்துத் திருத்தத்தைக் காட்டும். பயனர் ஒப்பினால் நிறைவேற்றும். அதன் பெயர் எரிச்சலில் வாய்க்கு வரும் ஆங்கில வசைச்சொல் ஒன்று. இவ்விதழில் எழுதத் தக்கதன்று. வசைபாடிய பின்னரும் அது ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது என்பதே கவனிக்கத்தக்கது.

உரையாசிரியரின் வணிகர் செய்யாத ஒன்றையும் எண்ணிப் பார்க்கலாம். பயறு இல்லை, ஆகவே இவன் கருதியது உழுந்தாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்து, வந்தவன் பையில் உழுந்தை அளந்து கொட்டிக் காசைப் பெற்றுக்கொள்ளவில்லை. வழங்கும் பொருள் எத்தனை அண்மையதாயினும், கொள்ளலும் தள்ளலும் கொள்வோன் உரிமை.

கிளவியாக்கத்தில் ஐயக்கிளவி பற்றிய விதியும் இதனை வலியுறுத்துகிறது. சேய்மையில் தோன்றுவது கட்டையோ ஆளோ எனத் தெரியாத நிலையில், இரண்டற்கும் பொதுவான உருவு என்னும் சொல்லால் கூற வேண்டும் என்பது அவ்விதி. தெளிந்த பின்னரே, இது கட்டையன்று, ஆள் எனத் துணிந்து கூறலாம். ஐயத்தைத் துணிவின் மொழியில் கூறுவது வழு. நம்பிக்கை நிலையில் இயங்கும் திருத்தி செய்வது இதுவே. அதனுள் நிகழ்வது ஊகம். அது வெளிப்படுத்துவது செயல். செயலுக்கு ஐயவடிவம் கிடையாது.

வழுவமைதியும் திருத்தியும்

இனி, பிழையைப் பொறுத்தல் பற்றியது. வழுவினின்று மொழியைக் காப்பதற்கு இருவழிகளை உரையாசிரியர்கள் கூறுவர். வழுவாமல் சொல்லுக என விலக்குதல் ஒன்று. வழுவாயினும் ஒரு காரணத்தால் அமைக என ஏற்றல் மற்றொன்று. பசுவை நோக்கி, என் அம்மை வந்தாள் என்று ஒருவன் கூறினால் அது திணைவழு. உவகையால் கூறியதாகலின் அமைந்தது. உண்டுகொண்டிருப்பவன் தன்னை அழைக்கும் தோழனுக்கு, இதோ வந்துவிட்டேன் என்கிறான். அவன் எழவே இல்லை. விரைவினால் எதிர்காலம் இறந்தகாலமாயிற்று. இதுவும் காலவழுவமைதியாகக் கொள்ளப்படும்.

விரைவே கட்டளை வரியின் பிழைகளுக்கும் காரணம் என்பதை எண்ணும்போது, எழுத்துப் பிறழ்ந்ததும் கட்டளை இல்லை என நின்றுவிடும் பொறி இரக்கமற்றது என்னும் குறைகூறல் நியாயமுடையதாகவே படுகிறது. விண்ணப்பத்தில் ஒரு கட்டம் நிரப்பப்படவில்லை என்று, எந்தக் கட்டம் என்பதைக் கூறாமலே திருப்பியனுப்பும் அலுவலரை யாரும் நேர்மையாளர் எனப் பாராட்டுவதில்லை. கேட்போனிடம் ஓரளவு கொடைமனம் இல்லாமல் உரையாடலே நிகழாது. ஆனால் வழுவமைதியில் நிகழ்வது என்ன? கேட்போன் பொருளை உணர்ந்துகொள்கிறான்; சொன்னவன் சொல் சொன்னபடியே நிற்கிறது. அம்மை வந்தாள் என்பதை அம்மை வந்தது என மாற்றுபவன் இலக்கணத்தைக் காத்தவனாகலாம். அவ்வுவகையை அழித்தவன் ஆகிறான். இவ்வேறுபாட்டை ஏட்டுச் சுவடி மரபும் அறிந்திருந்தது. குற்றம் நீக்கிக் குறை நிரப்பிப் படித்துக்கொள்ளுமாறு ஏடெழுதியோர் கற்றோரை வேண்டினர். படிக்கும்போது செய்துகொள்ளும் திருத்தம் அது. ஏட்டின்மேல் எழுத்தாணியைக் கொண்டு செல்லுமாறு வேண்டியதன்று.

கல்லும் ஏடும்

பெங்களூர் நகரிலேயே இதற்குரிய சான்று ஒன்று உண்டு. இன்று மென்பொருள் அலுவலகங்கள் நிறைந்துள்ள தொம்லூர்ப் பகுதியின் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளைத் தொகுத்து லூயிஸ் ரைஸ் 1905-இல் வெளியிட்ட எபிகிராபியா கர்நாடிகா ஒன்பதாம் தொகுதி, இந்நிலப்பகுதியின் தமிழ்க் கல்வெட்டுகள் பலவற்றை அறிஞர்க்கு அறிமுகப்படுத்தியது. தொம்லூரின் பழம்பெயர் கல்வெட்டில் தொம்பலூர் என்பதா, தோம்பலூர் என்பதா? பழைய எழுத்துமுறை ஒகரக் குறில் நெடில் வேறுபாட்டைக் காட்டுவதில்லை. புள்ளியும் பெரும்பாலும் இடப்படுவதில்லை. ஆகவே எழுத்து மட்டும் இதற்கு விடை தராது. இன்றைய பெயரை அறிந்த ஒருவர், கல்தச்சன் பிழைசெய்தான் எனக் கருதி அதற்கேற்பத் திருத்தி அச்சிட்டிருந்தால், அப்படியொரு ஐயம் இருந்தது என்பதே பின்வந்தோர்க்குத் தெரிந்திராது.

கல்வெட்டுப் பதிப்பாளர்கள் இதனைத் தவிர்க்கவே குறியீடுகளை வகுத்தனர். சிதைந்து ஐயத்துக்கிடமான எழுத்து பகர அடைப்புக்குள் வரும். விடுபட்டதெனப் பதிப்பாசிரியர் சேர்க்கும் எழுத்துக்கு உடுக்குறி இடப்படும். பிழையெனக் கருதப்படுவது உள்ளபடியே அச்சாகும். இவ்வாறு படிக்க என்னும் பரிந்துரை அடிக்குறிப்பில் நிற்கும். பெங்களூரின் மிதிக் சொசைட்டி 2021 முதல் இந்நகரக் கல்வெட்டுகளை முப்பரிமாண முறையில் வருடிப் பதிவு செய்துவருகிறது. கல் ஒன்று, வாசிப்பு மற்றொன்று என்னும் அதே கொள்கையின் நீட்சியாக இதனைக் கொள்ளலாம்.

ஏட்டுப் பதிப்பில் இக்கொள்கை எளிதில் நிலைபெறவில்லை. 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டது தொடங்கி, உ.வே. சாமிநாதையர் பல சுவடிகளை ஒப்பிட்டு, பாடபேதங்களைப் பதிவுசெய்யும் முறையைத் தம் பதிப்புகளில் வளர்த்தெடுத்தார். இதற்கு எதிர்நிலையில் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரின் கம்பராமாயணப் பதிப்பைக் கூறலாம். கம்பரின் வாக்கு ஏடெழுதியோராலும் இடைச்செருகுவோராலும் கெட்டது என்பது அவர் உறுதி. தம் செவிக்கு ஒவ்வாத பாடல்களை நீக்கினார். பல இடங்களில் சொற்களையும் மாற்றினார். அறிஞரிடையே அது கடும் விவாதத்தை எழுப்பியது. கவிதையின் குறிப்பறிவதில் அவருக்கு நிகரானோர் சிலரே; அவர் செய்த திருத்தங்களுள் சில கம்பரை நெருங்கியனவாகவும் இருக்கலாம். அங்குத்தான் சிக்கல். அப்பதிப்பை மட்டும் கையில் கொண்ட வாசகன், கம்பர் முடிந்து ரசிகமணி தொடங்கும் இடத்தை எவ்வாறு அறிவான்? திருத்தம் எவ்வளவு திறமாக அமைகிறதோ அவ்வளவுக்கு அது கண்ணுக்குத் தெரியாமற் போகிறது. திறமின்மையால் வரும் கேட்டைக் காட்டிலும் இக்கேடு நுட்பமானது.

பிழையல்லாததைப் பிழையெனக் கொள்வதற்குப் பெங்களூரின் பெயரே தக்க சான்று. ஹொய்சள மன்னன் வீரவல்லாளன் வழிதவறி வந்தபோது ஒரு மூதாட்டி வெந்த பயறு தந்தாள் என்றும், அதனால் பெந்தகாளூரு எனப்பட்ட ஊரே பெங்களூரு எனத் திரிந்தது என்றும் ஒரு கதை வழங்குகிறது. கன்னடத்தில் பெந்த என்பது வெந்த; காளு என்பது பயறு. கதைப்படி இன்றைய பெயர் ஒரு சிதைவு. பயற்றூரே திருத்திய வடிவம். ஆனால் நகரின் தெற்கேயுள்ள பேகூர்க் கோயிலின் நடுகல் ஒன்று, ஏறத்தாழ கி.பி. 890-ஐச் சார்ந்தது, பெங்களூர்ப் போரைக் குறிப்பிடுகிறது. இரண்டாம் வல்லாளன் ஆண்டது பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல். மன்னனுக்கு முந்நூறு ஆண்டு முன்பே பெயர் இருந்திருக்கிறது. 2014 நவம்பர் முதல் நாள் ஆங்கில ஆட்சிக்கால எழுத்து வடிவம் நீக்கப்பட்டுப் பெங்களூரு என்பது அரசின் வடிவமாயிற்று. அதுவும் ஒரு திருத்தமே. ஆனால் நாளும் ஆணையும் உடைய திருத்தம். முன்பிருந்தது எது, மாற்றியவர் யார் என்பதை எவரும் காணலாம்.

முன்கூட்டித் தந்த ஒப்புதல்

ஏவுவோனே, இனி என் பிழைகளைக் கேளாமலே திருத்துக என முன்கூட்டிக் கூறிவிட்டால் மேற்கூறிய குறை நீங்கிவிடுமா என்பது எஞ்சும் வினா. நிரலாளர் தம் வரைவுகளைப் பேணப் பயன்படுத்தும் கிட் என்னும் கருவி இத்தகைய ஒப்புதலுக்கு இடந்தருகிறது. இயல்பாக அது அண்மையான கட்டளையைக் காட்டி நின்றுவிடும். பயனர் விரும்பின், சிறிது நேரம் காத்திருந்து தானே நிறைவேற்றுமாறு அமைத்துக்கொள்ளலாம். அந்நேரத்தின் அளவு பத்தில் ஒரு நொடி. இதனை அறியாமல் ஒரு நொடி எனக் கருதி ஒன்று என எழுதியவர்க்கு, நீண்ட காலம் வரை, இமைப்பொழுதுக்கும் குறைந்த அவகாசமே கிடைத்துவந்தது. ஒப்புதல் தந்தார் என்பது உண்மை. எதற்குத் தந்தார் என்பதை அவர் அறிந்திலர்.

முன்கூட்டித் தரும் ஒப்புதல் முற்றிலும் பயனற்றது என்பதன்று. தம் கையெழுத்துப்படியைத் திருத்துமாறு நண்பரிடம் ஒப்படைக்கும் ஆசிரியரும் அதனைத்தான் செய்கிறார். நண்பர் திருத்திய இடங்களைச் சிவப்பு மையால் காட்டுவார். பழைய படியும் ஆசிரியரிடம் இருக்கும். இவ்விரண்டும் உள்ளவரை ஒப்புதல் திரும்பப் பெறத்தக்கது. நீக்கற் கட்டளையில் பழைய படி இல்லை. அத்தகைய இடத்தில் முன்கூட்டித் தந்த ஒப்புதலைக் கொண்டு பொறி செயற்படலாகாது என்றே கூற வேண்டியுள்ளது. படிப்பதற்கும் பட்டியலிடுவதற்கும் அது செல்லலாம். எளிய சொற்களில் ஏவினால் தாமே கட்டளைகளை எழுதி, தோற்றால் தாமே திருத்தி, மீண்டும் தாமே நிறைவேற்றும் நிரல்கள் இன்று பெங்களூர் அலுவலகங்களிலும் புழக்கத்திற்கு வந்துவிட்டன. அவற்றில் ஏவுவோன் எழுத்தைத் தட்டுவதே இல்லை. ஆகவே பிறழ்ந்த எழுத்து யாருடையது என்னும் வினாவுக்கும் அங்கு இடமில்லை. மூவர் கூடிய ஏவலில் ஏவப்படுவோனே ஏவுவோனாகவும் நிற்கும் இந்நிலைக்குக் கிளவியாக்கத்தில் நேரான விதி இல்லை. பயறு கேட்க வந்தவன், கடையையும் வணிகரிடமே விட்டு, பையையும் அவரிடமே கொடுத்துவிட்டு வீடு திரும்பியிருக்கிறான்.